வாவி ஏறி வந்த வளவு

பிள்ளைகளே, இது பயப்பட வேண்டிய கதைதானா என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வாவிக்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மற்றவர்கள் வேண்டுமானால் ஒருவருக்கொருவர் நெருங்கி இருந்துகொள்ளுங்கள்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழிந்திருந்த காலம். மட்டக்களப்பு வாவியோரத்து வளவு ஒன்றில் யோசேப்பு ஓடாவியார் குடும்பம் இருந்தது. கதவு, ஜன்னல், கட்டில், சவப்பெட்டி எல்லாம் செய்வார். மனைவி செசீலியா. ஒரே மகள் மக்டலின். நம் பக்கத்து வழக்கப்படி, மகளின் கலியாணத்தோடு வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்னறைக்கு மாறிக்கொண்டார்கள். மருமகன் ஹெக்டர் ரயில் நிலையத்தில் பார்சல் கிளாக்கர். நல்ல பிள்ளை, கொஞ்சம் சிக்கனக்காரன்.

கலியாணமான அடுத்த மாரியில் மக்டலினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தது என்று சொல்லலாமா தெரியவில்லை, அது அழவேயில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்த நாளில் கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் இடம் கிடையாது. கட்டிலுக்கென்று எடுத்து வைத்திருந்த முதிரைப் பலகையில் யோசேப்பு ஒரு சின்னப் பெட்டி செய்தார். அதைத் துணியால் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பின்கதவால் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது அவருடைய சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. மழை நாள், எல்லாமே நனைந்துதான் கிடந்தது. ஆகவே யாரும் கேட்கவில்லை.

எங்கே வைத்தார் என்பதை மக்டலினுக்குச் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இடம் தெரிந்தால் தாய் அங்கேயே போய்ப் போய் இருப்பாள், அடுத்த பிள்ளை வயிற்றில் தங்காது என்பது அவர்களுடைய எண்ணம். யோசேப்பு அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். செசீலியாவுக்குக் கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மக்டலின் மறுபடி உண்டானாள். அதுவரை அந்த வீட்டில் வாளிக் கக்கூஸ்தான். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் இனி அது வேண்டாம், தண்ணீர் ஊற்றுகிற புதுமாதிரிக் கக்கூஸ் கட்டுவோம் என்று ஹெக்டர் நின்றான். காத்தான்குடி மேசன் அசனாரைக் கூட்டி வந்தார்கள். ஆவணி மாதம். வறண்ட கச்சான் காற்று வீசி, வாவி கரையை விட்டு எங்கோ உள்ளுக்குப் போய்க் கிடந்தது. குழிக்கு இடம் காட்டியவர் யோசேப்பு. மணம் தெருப்பக்கம் வரக்கூடாது என்று பின்வளவில், வாவியைப் பார்த்த தாழ்ந்த இடத்தைக் காட்டினார். அசனார் தோண்டி, கிணற்றுக்கு இறக்குவதுபோல் வட்டமான சீமெந்துக் கொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்.

"பாருங்க அண்ணே, அடிக்கொட்டு வரைக்கும் மணல் காஞ்சு கிடக்கு. உங்கட பேரப்பிள்ளைகள்ற காலத்துக்கும் இது நிரம்பாது" என்று குழிக்குள் நின்றபடியே சொன்னார்.

தோண்டிய அன்று முழுவதும் யோசேப்பு குழி விளிம்பிலேயே நின்றார். மேலே வந்து விழுந்த ஒவ்வொரு மம்பட்டி மண்ணையும் காலால் பரப்பிப் பார்த்தார். அடுப்படி ஜன்னலில் நின்ற மக்டலின் அதைக் கண்டாள். அப்பா எதையோ தேடுகிறார், அல்லது எதுவும் வந்துவிடக்கூடாதென்று பார்க்கிறார். இரண்டில் எது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

குளிக்கிற அறைத் தண்ணீருக்குத் தனியாக ஒரு வழி வெட்ட வேண்டும் என்றார் அசனார். இவ்வளவு பெரிய குழி இருக்கும்போது இன்னொன்று எதற்கு, அதையும் இதற்குள்ளேயே விடுங்கள் என்றான் ஹெக்டர். அப்படியே விட்டார்கள். குழியிலிருந்து கூரைக்கு மேலே போகிறமாதிரி ஒரு காற்றுக் குழாயும் வைத்து, மூடியைப் பூசி முடித்தார்கள்.

மழை தொடங்கியது. ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. ஊரிலுள்ள கத்தோலிக்கர் எல்லோரும் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு அவரவர் கல்லறைக்குப் போகிற நாள். மக்டலினுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. வயிறு பாரமாக இருக்கிறது என்று சொல்லி வீட்டில் நின்றுகொண்டாள்.

பொழுது சாயும் நேரம் செசீலியா திரும்பி வந்தபோது, மக்டலின் பின்வளவில் ஈர மணலில் நின்றிருந்தாள். தலையைச் சற்றுச் சரித்து, நிறைமாதக்காரி வயிற்றைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கியிருந்தாள்.

"அம்மா, கேட்குதா?"

கேட்டது. மெல்லிய ஓர் இழுப்பு. மேலே ஏறி, நடுங்கி, மூச்சு வாங்குவதற்கு நிற்பதுபோல நின்று, மறுபடி தொடங்கியது. வாடைக்காற்று வீசும்போது அது வந்தது. காற்று ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்தது. போத்தல் வாயில் ஊதி விளையாடியவர்களுக்கு அது என்ன என்று தெரியும். காற்றுக் குழாயின் வாயில் காற்று உரசுகிறது, அவ்வளவுதான். செசீலியாவுக்கும் தெரியும். தெரிந்தும் அவளுடைய தோளில் மயிர் சிலிர்த்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மருமகனை ஏணியில் ஏற்றினாள். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று சொல்லி, குழாய் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, சாக்கைச் சுற்றி, தாரும் பூசச் செய்தாள். ஹெக்டர் சிரித்துக்கொண்டே செய்தான். சத்தம் நின்றது.

அந்த இடத்தில்தான் பிழை தொடங்கியது, கண்மணிகளே. மனிதனுக்கு மூக்கு எப்படியோ குழிக்கு அந்தக் குழாய் அப்படி. மேலே அடைத்தால் அது வேறு வழியாக மூச்சு விடும்.

சில நாள் கழித்து, நல்ல மத்தியானத்தில், கக்கூஸ் கோப்பைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரும் உள்ளே இல்லை. கதவு திறந்திருந்தது. கோப்பையில் தேங்கி நின்ற கொஞ்சத் தண்ணீர் தானாக அசைந்தது. ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. முலையில் வாய் வைத்த குழந்தை பால் அதிகமாக வந்து திணறி விழுங்குமே, அப்படி ஒரு சத்தம். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சத்தம் தெரியும். பால் கட்டி, துணியால் மார்பை இறுக்கிக் கிடந்த பெண்ணுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மக்டலின் முதலில் அந்தப் பக்கமே போகாமல் விட்டாள். அவசரத்துக்கு அடுத்த வளவுக்குப் போனாள். அதற்குப் பிறகு என்ன மாறியதோ, கதவடியில் பலகை போட்டு உட்காரத் தொடங்கினாள். கையில் தையல் இருக்கும், ஊசி அசையாது. சாப்பிடக் கூப்பிட்டால் விரலை உதட்டில் வைப்பாள்.

ஒருநாள் தகப்பனுடைய பட்டறைக்குப் போய் நின்றாள். யோசேப்பு பலகைக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவன எங்க வச்சீங்க?"

சீவுளி நின்றது. மறுபடி ஓடியது.

"அந்தக் குழிக்குள்ள அவன்ற இடமும் போயிற்றா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல மகள்" என்றார் யோசேப்பு. ஆனால் முகத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லவில்லை.

சொல்லாத வாயைவிட அந்தத் திரும்பாத முகம்தான் அவளை வாட்டியது. தன் பிள்ளையைக் கிடத்திய மண்ணில் தானே மலக்குழி தோண்ட விட்டிருக்கிறேன் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். பிறகு சோறு இறங்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஏழு மாதம் கழிந்திருந்தது. வயிறு வளர, அவள் மட்டும் உருகிக்கொண்டு வந்தாள்.

செசீலியா தன்னால் இயன்றதைச் செய்தாள். கோயிலில் மந்திரித்த உப்பைக் கோப்பைக்குள் போட்டாள். சத்தம் நிற்கவில்லை. சாக்கை உருண்டையாகச் சுருட்டி உள்ளே திணித்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். சத்தம் நின்றது. வீட்டில் எல்லோரும் அன்று மெதுவாகப் பேசினார்கள்.

மழை விடவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் வட்டைகளில் விழுந்த தண்ணீரெல்லாம் வாவிக்கு வந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போகும் முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தது, இன்னும் வெட்டவில்லை. போக இடமில்லாத தண்ணீர் கரையில் ஏறியது. முதலில் கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களின் அடி மறைந்தது. பிறகு வேலியின் அடிக்கம்பு மறைந்தது. வாவி அலையடிக்காமல், சத்தமில்லாமல், பார்க்கும்போதெல்லாம் சற்றுக் கிட்டவாக இருந்தது.

ஒரு விடியற்காலை செசீலியா எழுந்து காலை நிலத்தில் வைத்தாள். தண்ணீர்.

குளிக்கிற அறையின் வாய்க்காலிலிருந்து அது வந்திருந்தது. கோப்பையை அடைத்ததால் அடுத்த துவாரத்தைத் தேடிக்கொண்டது. கறுத்த தண்ணீர் குளிக்கிற அறையை நிரப்பி, நடையைத் தாண்டி, மக்டலினின் அறைக் கதவு வரை பரவியிருந்தது. மணத்தை நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தண்ணீருக்கு நடுவில் மக்டலின் குந்தியிருந்தாள். சீத்தைத் துணிப் பாவாடையின் கரை தண்ணீரில் மிதந்தது. ஒரு கையைத் தண்ணீரின் மேல் வைத்து, தூங்குகிற பிள்ளையின் முதுகில் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்கால் வாயில் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. அவள் ஒவ்வொன்றுக்கும் "ம், ம்" என்றாள்.

"எழும்பு மகள்" என்றாள் செசீலியா.

"சத்தம் போடாதங்கம்மா. இப்பதான் அழுகைய நிப்பாட்டியிருக்கான்."

ஹெக்டர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் கிடத்தினான். மருத்துவிச்சி பீற்றிஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கண்டிப்பாகச் சொன்னாள். இந்தத் தண்ணீர் நிற்கிற வீட்டில் பிள்ளைப்பேறு பார்க்க மாட்டாளாம். தாய்க்கும் பிள்ளைக்கும் சன்னி வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம். வேறு வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் இதைச் சரிப்படுத்துங்கள், நாள் அதிகமில்லை என்றாள். ஹெக்டர் தன் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போகத் தயாரானான். மக்டலின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். ஒருதரம் தனியாக விட்டது போதும், மறுபடி விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள்.

ஆகவே அசனாரை அழைத்து வந்தார்கள்.

அவர் முதலில் ஏணி வைத்து ஏறிக் குழாயைப் பார்த்தார். சிரட்டையை அலவாங்கால் நெம்பிக் கழற்றினார். உள்ளேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. கீழே நின்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். ஹெக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிறகு மூடியின் ஓரத்தை உடைத்துக் குழிக்குள் பார்த்தார். வேலியடிக்குப் போய் வாவியைப் பார்த்தார். மறுபடி குழியைப் பார்த்தார். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது.

அசனார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"என்ட பிழைதான். வெயில் காலத்து மணலப் பார்த்து ஆழத்தத் தோண்டிப்போட்டன். மாரியில வாவி எங்க வந்து நிற்கும் எண்டு நான் பார்த்திருக்க வேணும்."

வாளி வைத்து இறைக்கலாமே என்று ஹெக்டர் கேட்டான். இறைத்தால் இறைத்த அளவு மணலுக்குள்ளால் ஊறி வரும், வாவியையே இறைக்க வேண்டும் என்றார் அவர். இனி ஒரு வழிதான் உண்டு. முன்வளவில், தெருவோரத்து மேட்டில், ஆழமில்லாமல் அகலமாகப் புதுக்குழி. கொட்டு நிலத்துக்கு மேலே ஒரு முழமாவது நிற்க வேண்டும். கோப்பையையும் அதற்கேற்ப உயர்த்திக் கட்ட வேண்டும். குளிக்கிற தண்ணீர் அதற்குள் போகவே கூடாது, வாழைக்கு விட வேண்டும். காற்றுக் குழாயை யாரும் தொடக்கூடாது. சாக்கு, துணி, சாம்பல் எதுவும் உள்ளே போடக்கூடாது. வாவிக்கரையில் குழி வெட்டப்போகிற பிள்ளைகள் இதை மனதில் வைத்திருங்கள். மாரியில் தண்ணீர் ஏறுகிற மட்டத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மேலேதான் வெட்ட வேண்டும்.

அசனார் முன்வளவில் அலவாங்கால் வட்டம் கீறினார். மம்பட்டியை எடுத்தார். அப்போது மக்டலின் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு பிடி மண்ணும் எடுக்க விடமாட்டன். அவன் எங்க கிடக்கிறான் எண்டு சொன்னாப் புறகு தோண்டுங்க."

ஹெக்டர் கெஞ்சினான். தாய் அழுதாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, தகப்பனைத்தான் பார்த்தாள்.

"இது என்ட வளவு அப்பா. நீங்கதான் எழுதித் தந்தீங்க. நான் விட்டாத்தான் தோண்டலாம்."

அது உண்மைதான். அந்த மண்ணில் புருசனுக்கும் உரிமையில்லை, எழுதிக் கொடுத்த தகப்பனுக்கும் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. யோசேப்பு மகளுக்கு முன்னால் அந்த ஈர மண்ணில் குந்தினார். சொல்ல ஆரம்பித்தபோது, அவர் சொன்னது வாயால் அல்ல, நெஞ்சால் இழுத்து எடுத்ததுபோல் இருந்ததாகச் செசீலியா பிறகு என்னிடம் சொன்னாள்.

வளவுக்குள் வைக்கவில்லையாம். வளவில் வைத்தால் என்றாவது யாராவது தோண்டுவார்கள் என்று நினைத்தாராம். வேலிக்கு அப்பால், வாவிக்கரையில், யாருக்கும் சொந்தமில்லாத மேட்டில், ஒரு கண்ணா மரத்தடியில் வைத்தாராம். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மரத்தையும் காணவில்லை, கரையும் அரித்துப் போயிருந்தது. எது அந்த இடம் என்று அவருக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. அதனால்தான் குழி தோண்டிய அன்று நின்று நின்று பார்த்தாராம். தன் கணக்குப் பிழைத்து, வேலிக்கு இந்தப் பக்கமாக வைத்துவிட்டேனோ என்று பயந்தாராம். ஒன்றும் வரவில்லை. பெட்டியின் ஒரு சில்லு கூட வரவில்லை.

"அப்ப இப்ப அவடம், அவன் கிடந்த இடம்?" என்று கேட்டாள் மக்டலின்.

"தண்ணிக்குள்ள மகள்."

அவள் கொஞ்ச நேரம் வாவிப் பக்கம் பார்த்தாள். பிறகு மேசனைப் பார்த்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"காக்கா, குழிக்குள்ள ஊறி வாறது அந்தத் தண்ணிதானா?"

செசீலியா அவரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அசனாருக்கும் அது விளங்காமலில்லை. அவரும் பிள்ளைகளைப் பெற்றவர், ஒன்றைப் புதைத்தவர்.

"ஓம் புள்ள. அவடத்தால வந்து, மணலுக்குள்ளால ஊறி, வீட்டுக்குள்ள வாறது. வேற தண்ணி இல்ல."

மக்டலின் என்ன செய்யப்போகிறாளோ என்று எல்லோரும் நின்றார்கள். அவள் மெதுவாக ஒரு கையை ஊன்றினாள், மறு கையை ஹெக்டரிடம் நீட்டினாள். எழுந்து, பாவாடையிலிருந்த மண்ணைத் தட்டினாள். முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவுதான் தன்னை அதிகமாகப் பயப்படுத்தியது என்றாள் செசீலியா.

"சரி, தோண்டுங்க. எனக்குப் பசிக்குது அம்மா."

அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

புதுக்குழி ஒரு வாரத்துக்குள் முடிந்தது. அதற்குள் முகத்துவாரத்தையும் வெட்டிவிட்டார்கள். வாவி கடலுக்கு இறங்கியது, வளவு காய்ந்தது. செசீலியா சுண்ணாம்பு கரைத்து வீடு முழுக்கக் கழுவினாள். பீற்றிஸ் சுவரையெல்லாம் மணந்து பார்த்துவிட்டுத்தான் தன் பையைத் திறந்தாள். பெண் குழந்தை. பிறந்ததும் தெருவுக்கே கேட்க அழுதது.

மிச்சமாக இருந்த வேலை ஒன்றுதான். வெயில் பிறந்ததும் பழைய குழியைச் சுத்தம் செய்து, மண் போட்டு மூடுவதற்கு அசனார் வந்தார். சேறு அள்ளினார், சுண்ணாம்பு போட்டார், பாதி வரைக்கும் கடல் மணல் நிரப்பினார். அதற்கு மேல் நிரப்ப மக்டலின் விடவில்லை. கொட்டு அப்படியே இருக்கட்டும், ஒரு நல்ல மூடி மட்டும் செய்து தாருங்கள் என்று தகப்பனிடம் சொன்னாள். யோசேப்பு மறு பேச்சுப் பேசாமல் முதிரையில் ஒரு மூடி செய்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு மாரியிலும் வாவி ஏறியது. கொட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. மணலில் வடிந்து வருவதால் இப்போது தெளிந்த தண்ணீர், மணமும் இல்லை. அது விளிம்புக்குக் கிட்ட வந்த அன்று, மக்டலின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் மூடியைத் தள்ளுவாள். குனிந்து பார்க்கச் சொல்லுவாள்.

"அண்ணன் வந்திருக்கான். பார்."

பிள்ளை குனிந்து பார்க்கும். தண்ணீரில் தெரிகிற முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, செசீலியா பின்கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளை தண்ணீருக்குள் கையைக் காட்டி, தாயிடம் திரும்பி, தான் சிரிக்காதபோதும் அண்ணன் சிரிக்கிறாரே என்று கேட்டது.

மக்டலின், ஓம் என்று சொல்லி மூடியைச் சாத்தினாள்.